பச்சையில் நின்ற முள்

கணவன் வீட்டுக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டிய பிரமிளா, கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்து நின்றாள். "பேட்டரி போயிடுச்சுப்பா."

அப்பா சவரிமுத்து கொட்டகையிலிருந்து பழைய பேட்டரி டெஸ்டரைத் தூக்கி வந்தார். இரண்டு இரும்புக் கால்களும் வட்ட முகமுமாய் நாற்பது வருடமாக அவரோடு இருப்பது. ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கால்களைப் பேட்டரிமேல் அழுத்திப் பத்து வரை எண்ணினார். முள் பச்சைக்கு ஏறி, அதை விட்டு அசையவில்லை; பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி ஒயரைத் தொட்டார், கையோடு வந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டு தானாகக் கழலக்கூடியது இல்லை. கொட்டகைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அளவு வரிசையில் தொங்கும் ஸ்பானர்களில், அந்த நட்டைக் கழற்றும் பத்தாம் நம்பர், பன்னிரண்டின் ஆணியில் தொங்கியது.

போன் அடித்தது. மருமகன்.

"அவ கெளம்பிட்டாளா இல்லையா?" என்ற சத்தம் வெளியே கேட்டது. பிரமிளா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"பேட்டரி செத்துப்போச்சு மாப்ளே."

"புதுசு போட்டு அனுப்புங்க!"

"இந்த வண்டிக்குச் சேர்றது இங்க கெடைக்காது. நாளாகும்" என்று வைத்துவிட்டார்.

பிரமிளா மெல்லக் கேட்டாள். "மீட்டர் என்னப்பா காட்டுது?"

எதிலும் படாமல் கையில் இருந்த டெஸ்டரை அவள் பக்கம் திருப்பினார். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"நீயே பாரு. கொஞ்சமும் உயிர் இல்ல."

பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்குள் போய், பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து அதன் ஆணியில் மாட்டினார்.