காவல்காரனுக்கு வந்த கஞ்சி

அமலி என்ற மூன்று வயதுக் குழந்தையின் உடம்புக்குள் ரத்த வெள்ளையணு ஒன்று காவல்காரனாக இருந்தது. அவள் வயிற்றில் வேறொரு குழந்தையின் குடலை வைத்துத் தைத்த அன்றே, காவல்காரன் தடியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தே?"

"டாக்டர்தான் கொண்டாந்து வெச்சார், அண்ணே. இவளோட குடல் கெட்டுப்போச்சாம்."

"உன் வாசனையே சரியில்லை."

அடிப்பதற்குள், அவனைத் தூங்கவைக்க டாக்டர் கொடுத்த மருந்து இறங்கியது. காவல்காரனுக்குக் கண் சொருகியது. தினமும் இரண்டு வேளை இதே கதைதான்.

ஒரு நாள் கிருமி ஒன்று ரத்தத்தில் புகுந்தது. குழந்தைக்கு உடம்பு கொதித்தது. காவல்காரன் எழுந்து சண்டை போடட்டும் என்று டாக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அப்போதும் புரண்டு படுத்த காவல்காரனைப் புதுக் குடல்தான் உலுக்கியது.

"எழுந்திரு அண்ணே, திருடன் வந்துட்டான்."

"என்னை எழுப்பினா அடுத்த அடி உனக்குத்தான், தெரியுமில்ல?"

"தெரியும். காலையிலேருந்து அவ கண்ணே திறக்கலை."

காவல்காரன் ஓடினான். மூன்று நாள் மல்லுக்கட்டிக் கிருமியை ஒழித்துவிட்டு, பசியோடு திரும்பினான். தடி கையிலேயே இருந்தது. குடல் பயந்து சுருங்கியது. ஆனாலும் அமலி குடித்த இரண்டு ஸ்பூன் கஞ்சியின் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கும் ஒரு பங்கு வந்தது.

"மெதுவா சாப்பிடு, அண்ணே."

சாப்பிட்டு முடித்தான். தடி பிடித்த கை தானாக மேலே எழும்பியது. மறு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"பழைய அளவு மருந்து எப்போ வரும்?" என்று கேட்டான். "கொஞ்சம் சீக்கிரம் வந்தா தேவலை."