வெறும் 303

ஆஸ்திரேலியாவின் கூனம்பிள் ஊர் மண்டபத்தில் தோட்டா சேகரிப்பவர்களின் கூட்டம். எந்தத் தோட்டாவைக் காட்டினாலும் யார் செய்தது என்று சொல்லிவிடும் மெர்வ் என்பவரின் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். கைக்குட்டையைப் பிரித்து, சுட்டுத் தீர்ந்த தோட்டாக்கூடு ஒன்றை வைத்தாள்.

அவர் மகன் கிளைவ் எட்டிப் பார்த்தான். "வெறும் 303தான்ப்பா. பழைய பட்டாளத்துத் தோட்டா, பெட்டி பெட்டியாக் கிடக்கு, விடுங்க."

"இத்தனை வருஷம் என்கூடச் சுத்தி என்னத்தடா கத்துக்கிட்ட?" மெர்வ் பூதக்கண்ணாடியை எடுத்தார். "கழுத்தை நெருக்கிச் சின்னதாக்கியிருக்கு பாரு. இந்த அளவு எந்தக் கம்பெனியும் போட்டதில்ல. இது என் கைவேலைம்மா."

"வேற யாரும் இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்களா?" என்றாள் அவள்.

"செஞ்சாலும் இந்தத் தழும்பு வராது." அடிப்பக்கத்தைக் காட்டினார். "என் துப்பாக்கி ஊசி நடுவுல குத்தாது, ஓரத்துல பிறை மாதிரி குத்தும்."

"நீங்க சுட்டதா?"

"தோள்பட்டை போனதுலேர்ந்து நான் தொடறதில்ல. கங்காரு சுட இவன்தான் எடுத்துட்டுப் போவான். இது எங்கம்மா கிடைச்சுது?"

"எங்க வேலியோரம், என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்த இடத்துல. கங்காருவுக்குக் குறி வச்ச குண்டு தவறிப் பட்டிருக்கும்னு போலீஸ் சொன்னாங்க. யாரு சுட்டதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

அவள் கூட்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள். மெர்வ் மகன் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா," என்றார். "இவன் சொன்னதுதான் சரி. வெறும் 303."