மெத்தைக்கு அடியில் ஒரு காசு

நான்காவது வண்டியையும் கிர்ஸ்டி ஒதுக்கித் தள்ளினாள். "இதுவும் அகலம்" என்றாள், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு.

செங்கா முகம் சுளிக்கவில்லை. கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கத்தில் குழந்தை வண்டிக் கடை வைத்துத் தலை நரைத்தவள் அவள். பிள்ளைத்தாய்ச்சிகளின் பிடிவாதமெல்லாம் அவளுக்குப் பழகிப்போனது. ஆனால் கிர்ஸ்டியிடம் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். இந்தத் தம்பதி இதற்கு முன்பும் இரண்டு முறை இதே கடையில் வண்டி சொல்லி வைத்தவர்கள். இரண்டுமே வீடு போய்ச் சேரவில்லை.

பிள்ளை பிறப்பதற்கு முன் வெறும் வண்டி வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பது அங்கே வழக்கம். தேர்ந்தெடுத்த வண்டி பெயர்ச்சீட்டோடு செங்காவின் பின்னறையில் காத்திருக்கும். பிறந்த சேதி வந்ததும், பிள்ளையின் அதிர்ஷ்டத்துக்கு மெத்தைக்கு அடியில் ஒரு வெள்ளிக் காசு வைத்து அனுப்பிவிடுவாள்.

சேதி வேறு மாதிரி ஆகிவிட்டால், யாராவது வந்து வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். செங்கா ஏன் என்று கேட்கமாட்டாள்.

கிர்ஸ்டியின் புருஷன் ரோரி வாசலருகே நின்றுகொண்டு, பாதி வழியை அடைத்துக் கிடந்த ஒரு பெரிய வண்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். "அதை விடு ரோரி" என்று கிர்ஸ்டி சுள்ளென்று விழுந்தாள். அவன் கையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவனுக்கு அந்த வண்டி எதற்கு என்று செங்காவும் நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக மேல்தட்டிலிருந்து சின்ன மூன்று சக்கர வண்டி ஒன்றை இறக்கினாள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. ஒரு கையாலேயே திருப்பலாம். மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறலாம். சாய்த்துவிட்டால் பச்சைப்பிள்ளைக்கும் படுக்கையாகும்.

கிர்ஸ்டி முதல் முறையாக ஒரு வண்டியைத் தொட்டாள். மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி, வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றாள். இருந்தாலும் செங்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாக எடுத்தால் பின்னால் இன்னொன்று பிறக்கும்போதும் உதவுமே என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு பிள்ளைக்கு இருந்தாப் போதும்க்கா" என்றாள் கிர்ஸ்டி. "அதுக்கே டாக்டர் உறுதி சொல்ல மாட்டேங்கிறார்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

ரோரி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டான். இதெல்லாம் இப்போது வேண்டாம், பிறந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினான். 

"இல்ல, இன்னிக்கே சொல்லி வைக்கணும்" என்றாள் அவள். "நமக்காக ஒரு வண்டி இங்க நிக்குதுன்னு நெனச்சாத்தான் எனக்கு மூச்சே வருது."

செங்கா சீட்டில் பெயரை எழுதிக் கைப்பிடியில் கட்டினாள். 

அவர்கள் போன பிறகு செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தாள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஒரு வெள்ளிக் காசை அந்த மெத்தைக்கு அடியில் சொருகினாள். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. இந்தத் தடவையாவது தங்கட்டும் என்ற தவிப்புதான்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரோரி தனியாக வந்தான். சவரம் செய்யாத முகம், வீங்கிய கண்கள். நாள் இன்னும் நெருங்கவில்லையே என்று செங்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அந்த மூணு சக்கர வண்டி வேண்டாம்க்கா" என்றான். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செங்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். பெயர்ச்சீட்டை அவிழ்த்தாள். மெத்தைக்கு அடியில் விரலை விட்டுக் காசை எடுத்தாள். முந்திக்கொண்டு வைத்த காசு. தானே வினையைத் தேடி அவர்கள் தலையில் வைத்துவிட்டதாக நினைத்தாள்.

வெளியே வந்தால் ரோரி இன்னும் போகவில்லை. வாசலருகே அந்தப் பெரிய வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கிர்ஸ்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் தூங்குகிறாள், அவள்தான் சொல்லி அனுப்பினாள் என்றான்.

செங்காவால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளங்கையை விரித்து அவனிடம் நீட்டினாள்.

"என்னை மன்னிச்சிடுப்பா. பொறக்கறதுக்கு முந்தியே இந்தக் காசை வெச்சுட்டேன். எல்லாம் என்னாலதான்."

ரோரி அந்தக் காசையே பார்த்தான். பிறகு அதை எடுத்துக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"இந்த ரெட்டை வண்டிக்கு இன்னொரு காசு இருக்குமாக்கா? ரெண்டு பொண்ணுங்களுமே பிழைச்சிட்டாங்க."