மாதிரி எழுத்து

"முதலாளி, கொஞ்சம் உட்காருங்களேன். நீங்க நடக்கிற நடையில ரோடே தேஞ்சிடும்போல இருக்கு!"

மேனேஜர் சொன்னது முதலாளியின் காதில் விழவே இல்லை. அவர் பார்வையெல்லாம் எதிரே இருந்த புது ஆஸ்பத்திரியின் மேல்.

அதன் உச்சியில் ஆள் உயரத்துக்கு இரண்டு எழுத்துகள். இரண்டும் ஒரே எழுத்துதான். இடப்பக்கம் இருப்பது முதலாளியின் பெயர்ப்பலகைக் கம்பெனி செய்து வைத்த மாதிரி எழுத்து. வலப்பக்கம், போட்டிக் கம்பெனி செய்தது. இருட்டியதும் இரண்டுக்கும் விளக்குப் போடுவார்கள். ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா முதலாளி காத்திருக்கும் இந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்து, எது பிடிக்கிறதோ அவர்களுக்கே ஆர்டர் கொடுப்பார். அதுவும் ஊர் ஊராக இருக்கும் அத்தனை கிளைகளுக்கும்.

ஒரு பிரஷ்ஷும் ஓட்டை சைக்கிளுமாகக் கிளம்பியவர் முதலாளி. தானே ஏணி சுமந்து, தானே ஏறி எழுதி, இன்று சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடைத்தெருவில் நிமிர்ந்தாலும் தன் போர்டுதான் என்று சொல்லும்படி வளர்ந்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்றைக்கு நிலைகொள்ளாமல் தவித்தார்.

"எதுக்கு முதலாளி பயம்? நேத்து முளைச்ச கம்பெனி. நம்ம கால் தூசிக்கு வருமா?" என்றார் புதிதாகச் சேர்ந்திருந்த மேனேஜர்.

"வாயை அளந்து பேசுய்யா!"

மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு முதலாளியே கேட்டார். "ஏன்யா, அவங்க எழுத்தை மாட்டினப்போ நீ பார்த்தேல்ல? மேல ஏறினவங்க இடுப்புல சேஃப்டி பெல்ட் போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்களே. ஏன், புகார் கிகார் கொடுக்கலாம்னா?"

"சும்மா கேட்டேன்யா."

டாக்டரம்மா வந்து சேர்ந்தார். விளக்குகள் எரிந்தன.

இடப்பக்க எழுத்து தெருவையே பகலாக்கியது. வலப்பக்க எழுத்தில் அத்தனை வெளிச்சம் இல்லை. ஆனால் அதன் ஒளி பின்னாலிருந்த சுவரில் இதமாகப் பரவி நின்றது.

"இடது பக்கம் ஜோராத்தான் இருக்கு. ஆனா உடம்பு முடியாம வர்றவங்க கண்ணைக் கூச வைக்கும். வலது பக்கத்தைப் பார்த்தாலே பாதி நோவு போயிடும்போல இருக்கு. அவங்களே செய்யட்டும்" என்றார் டாக்டரம்மா. "நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

"முடிவுதானேம்மா? அப்புறம் மாத்திட மாட்டீங்களே?" முதலாளி ஓரடி முன்னால் வந்து கேட்டார்.

"மாத்த மாட்டேங்க."

டாக்டரம்மா போனதும் முதலாளி தூணில் சாய்ந்துகொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மேனேஜர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"மனசை விட்டுடாதீங்க முதலாளி. யாரையும் கிட்ட சேர்க்காம நீங்களே பட்டறையில உட்கார்ந்து செஞ்சீங்க. இப்படியா ஆகணும்!"

முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏ இவளே, நான் தோத்துட்டேன்! நிஜமாவே தோத்துட்டேன்டி! வேணும்னே மட்டமா செஞ்சா மோப்பம் பிடிச்சிடுவாளேன்னு, தெரிஞ்ச வித்தை மொத்தத்தையும் இறக்கித்தான் செஞ்சேன். அப்படியும் என்னை மண்ணைக் கவ்வ வச்சுட்டா!"

மேனேஜர் வாயைப் பிளந்தார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"'உங்களை ஜெயிச்சுட்டுத்தான் இந்த வீட்டு வாசப்படியை மிதிப்பேன்'னு சண்டை போட்டுட்டுப் போனாளே உன் மக, அவளுக்கும் சேர்த்து உலை வை!"