பதினெட்டாவது பெயர்

"மூணு மேட்ச் டிரையல். ஒரு கோல்கூட அடிக்கல. இந்த ஜாஸ்மின் லெஃப்ட் விங்காம்!"

பயிற்சியாளர் ஸ்ரீவத்சன் கையிலிருந்த தாளைப் பெஞ்சின் மேல் போட்டார். நந்தனம் ஹாக்கி மைதானத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த முனியன், காதில் விழாதது போல ரப்பர் குழாயை அந்தப் பக்கம் திருப்பினார்.

"முனியன், மோட்டாரை நிறுத்திட்டு இப்படிக் கொஞ்சம் வாங்க."

வந்தார்.

"மாநில ஜூனியர் டீம். பதினேழு பேர் எழுதியாச்சு. இன்னும் ஒரே ஒரு இடம். மெஹக்கா, ஜாஸ்மினா? மெஹக் மூணு கோல் அடிச்சிருக்கா."

"அப்போ மெஹக்கைப் போடு சார். தண்ணி அடிக்கிறவனை இன்னாத்துக்குக் கேட்டுக்கினு?"

"கோல் மட்டும் பாத்தா போதாது முனியன். இப்பல்லாம் விங்ல ஆடறவங்க பந்து பறிபோனா அதே வேகத்துல திரும்பி வந்து தடுக்கணும். டிரையல் அன்னிக்கு நான் பாக்கறேன்னு எல்லாரும்தான் ஓடுவாங்க. தினம் பிராக்டிஸ்ல, யாரும் கவனிக்காதப்போ, ஜாஸ்மின் ஓடறாளா? நான் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. நீங்க அவளை நாலு வருஷமாப் பாக்கறீங்க."

முனியன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஓடுகிறாளா?

நனைந்த புல்லில் யார் ஓடினாலும் குதிகாலில் தண்ணீர் தெறிக்கும். எதிரணியின் கோல் பக்கம் பந்து பறிபோன அடுத்த நொடி, அந்தத் தெறிப்பு இடது ஓரமாகவே சொந்த கோல்வரை வந்துவிடும். நாலு வருஷமாக, ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலோடு வந்த அன்றும் ஓடினாள். மோட்டார் ரூம் வாசலில் நின்று முனியன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

ஏனென்றால் அவள் லாரன்ஸின் மகள்.

பட்டினப்பாக்கத்து லாரன்ஸும் முனியனும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போனவர்கள், ஒரே கிளப்பில் ஹாக்கி ஆடியவர்கள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். எடுத்தால் உத்தியோகமும் உண்டு. வந்திருந்த அதிகாரி, கேப்டனாக இருந்த லாரன்ஸிடம் கேட்டார்: "முனியன் எப்படிப்பா?"

"பந்து இருந்தா பறப்பான் சார். பந்து போச்சுன்னா நின்னுடுவான்."

முனியன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய ஆயுசு போயிற்று. அந்த வேலை லாரன்ஸுக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அன்றோடு பேச்சு நின்றது. லாரன்ஸின் அம்மா சாவுக்குக்கூட முனியன் போகவில்லை. ஆடிய மைதானத்துக்கே தினக்கூலியாய்த் தண்ணீர் அடிக்க வந்து சேர்ந்தார். ஒவ்வொரு நாளும் மோட்டார் சுவிட்சைப் போடும்போது லாரன்ஸைத் திட்டுவார். அவன் சொன்னது பொய்யா என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"என்ன முனியன், பேச்சையே காணோம்?"

"சொல்றேன் சார்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பந்து இருந்தா பறப்பா. பந்து போச்சுன்னா நின்னுடுவா."

ஸ்ரீவத்சனின் முகம் தொங்கிப்போயிற்று.

"நெஜமாவா?"

"இடுப்புல கைய வச்சிக்கினு வேடிக்கை பாப்பா சார். உனுக்கு மெஹக்கே மேலு."

"நல்லாத் தெரியுமா? அடுத்த வருஷம் ஜாஸ்மினுக்கு வயசு தாண்டிடும். இதான் கடைசி சான்ஸ்."

"அதுக்கு நாம இன்னா பண்றது?"

முப்பத்தோரு வருஷம் காத்திருந்து சொன்ன வாக்கியம். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை.

ஸ்ரீவத்சன் பெருமூச்சு விட்டபடி போனை எடுத்தார். பதினெட்டாவதாக மெஹக்கின் பெயரைச் சேர்த்தார். ஒரு தட்டுத் தட்டினார்.

"போயிடுச்சு. பத்து மணிதான் கெடு. இனிமே அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

"மாத்தவே... முடியாதா சார்?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

கேட் பக்கம் ஜாஸ்மின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. ஸ்டிக் தோளில் தொங்கியது. தூரத்திலிருந்தே இவர்களைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள்.

"நானே அவகிட்ட சொல்லிடறேன்" என்று எழுந்தார் ஸ்ரீவத்சன். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல முனியன். நேத்து அவளையே கூப்பிட்டு, 'நீ திரும்பி வந்து ஆடறேன்னு எனக்கு யார் சொல்லுவா?'ன்னு கேட்டேன். யோசிக்காம ஒரு பேரைச் சொன்னா. முன்னாடியே உங்ககிட்ட சொன்னா அவளுக்குச் சாதகமாப் பேசிடுவீங்களோன்னுதான் சொல்லல."

முனியனின் கையில் துண்டு அப்படியே நின்றது.

"இன்னா சார் சொன்னுச்சு அந்தப் பொண்ணு?"

"'முனியன் மாமாவைக் கேளுங்க சார். எங்க நைனாகூட அவரு பேச மாட்டாரு, அது வேற. கோல் அடிச்சா ஊரே பாக்கும். நான் திரும்பி ஓடறத இந்த கிரவுண்டுல பாக்கற ஒரே ஆளு அவருதான்'னு சொன்னா."