கழற்றிய கண்

வாசலுக்கு வாசல் அரசாங்கம் மாட்டிவைத்திருந்த கேமராவைத் தெரு ஜனம் கண் என்றுதான் சொல்லும். அதைக் கழற்றுவோம் என்று கட்சி வாக்குக் கொடுத்ததும், பூத் கமிட்டிப் பூங்கோதை வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். எதிர்வீட்டுத் தணிகாசலம் சிரித்துக்கொண்டே போட்டான்.

"கண்ணு போகணும்க்கா. ஆனா ஓட்டு உங்களுக்கு இல்ல."

வழக்கம்போல வாக்காளர் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பட்டியலைக் கட்சி ஆபீசில் கொடுத்தாள்.

கட்சி ஜெயித்தது. சொன்னபடியே கண்களைக் கழற்றவும் செய்தது. தெருவே வெடி வெடித்துக் கொண்டாடியது.

மறுவாரம் யாரோ வெற்றி பேனரைக் கிழித்துவிட்டார்கள். போலீஸ் நேராக வந்து தணிகாசலத்தை அழைத்துப் போனது. பூங்கோதை வட்டச் செயலாளரிடம் ஓடினாள்.

"அவனை ஏண்ணே புடிச்சாங்க?"

"உன் லிஸ்ட்டுல, உன் தெருவுல, சிவப்பு அவன் ஒருத்தன்தானேம்மா."

"ஓட்டு போடமாட்டான்னுதானே குறிச்சேன்!"

செயலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் திரும்பி வந்தபோது தணிகாசலத்தின் மனைவி வேதவல்லி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். தலைக்கு மேலே, கண் இருந்த இடத்தில் இரண்டு ஸ்குரு துளைகள்.

"பேனர் கிழிஞ்ச அன்னிக்கு அவரு வாசப்படியே தாண்டலக்கா. கண்ணு இருந்திருந்தா அதாச்சும் சொல்லியிருக்கும். உங்க லிஸ்ட்டு சொல்லுமா?"