கல் நகராது

ஜெயித்தால் குளத்தை வற்ற வைத்துச் சுலபமாக மீன் பிடிக்கலாம் என்று கொக்கு தேர்தலில் நின்றது. அதைத் தோற்கடிக்க விடியும் முன்பே கிளம்பிய ஆமை, மதியம்தான் வாக்குச்சாவடிப் பொந்துக்கு வந்து சேர்ந்தது.

வாசலில் காகம் வாக்காளர் பட்டியலைப் பார்த்தது. “உன் பேரே இல்லையே. உன் வீட்டுல ஒரு கல்லுதான் கிடந்துச்சுன்னு எழுதியிருக்கேன்.”

“நீ கணக்கெடுக்க வந்து கத்தினப்போ பயந்து தலையை உள்ளே இழுத்துக்கிட்டேன். அந்தக் கல்லு நான்தான்.”

“எழுதினது எழுதினதுதான். அடுத்த தேர்தலுக்கு வா.”

“அதுக்குள்ள குளம் இருக்காது,” என்ற ஆமை, பொந்தின் வாயை அடைத்து உட்கார்ந்தது.

“ஏய், நகரு!”

“கல்லு எங்கேயாவது நகருமா?” என்று கேட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

காகம் தள்ளியது, கொத்தியது. ஆமை அசையவில்லை. வரிசையில் நின்ற முயலும் கீரியும் காகத்தைத் திட்டத் தொடங்கின. பொழுதும் சாய்ந்தது.

“ஆமையண்ணே, கொஞ்சம் நகருங்களேன்!” என்று காகம் கெஞ்சியது.

தலை மெல்ல வெளியே வந்தது.

“இப்போ யாரைக் கூப்பிட்டே?”

“உங்களைத்தான்.”

“அந்தப் பேரை எழுது. நகர்றேன்.”